பெய்ஜிங்கின் அரச தோட்டங்களைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

போன வருடம் அக்டோபர் கடைசியில் அம்மாவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு கோவையிலிருந்து பெய்ஜிங் போனேன். "சீனாவில் எல்லாமே போனில் முடிந்துவிடும், கவலையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் போனில் என்னென்ன வேலை செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. கோடை அரண்மனைக்கு நாங்கள் போய் நின்றது ஒரு திங்கள்கிழமை. வெளிவாசல் திறந்திருந்தது, டிக்கெட்டும் கொடுத்தார்கள், மூச்சு வாங்க மலையேறிப் போனால் புத்தர் கோபுரத்துக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது. 68 வயது அம்மா படியில் உட்கார்ந்து, "இதைக் கீழேயே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லித்தான் இருந்தார்கள், சீனத்தில்.

நீங்களும் அப்படிப் படியில் உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கும், அதைத் தொடவில்லை. எந்த நாள், எந்த வாசல், எவ்வளவு பணம், எந்தக் காகிதம் என்பது மட்டும்.

1. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கோடை அரண்மனை என்பது யிஹெயுவான். பழைய கோடை அரண்மனை என்பது யுவான்மிங்யுவான். இரண்டும் வேறு வேறு இடங்கள், டிக்கெட்டும் வேறு. முதலாவதில் ஏரி, மலை, கோபுரம், நீண்ட தாழ்வாரம் எல்லாம் முழுசாக இருக்கிறது. இரண்டாவது 1860-இல் எரிக்கப்பட்டது, இன்று பெரிய பூங்காவும் மூலையில் பளிங்கு இடிபாடுகளும்தான். மெட்ரோவில் நான்காவது வழித்தடத்தில் இரண்டின் நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் அவசரத்தில் மாறி இறங்குபவர்கள் நிறைய.

மற்றவை: தியான்தான் (சொர்க்கக் கோயில்), பெய்ஹாய் (வெள்ளை ஸ்தூபி இருக்கும் ஏரிப் பூங்கா), ஜிங்ஷான் (தடைசெய்யப்பட்ட நகரத்துக்கு நேர் பின்னால் இருக்கும் குன்று), நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஷியாங்ஷான். தடைசெய்யப்பட்ட நகரம் என்பது பழைய அரச அரண்மனை, அதைச் சீனர்கள் கூகோங் என்கிறார்கள். அதன் வடகோடியிலும் ஒரு சின்ன அரச தோட்டம் உண்டு.

ஐந்து சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: தோங் கிழக்கு, ஷி மேற்கு, நான் தெற்கு, பெய் வடக்கு, மென் வாசல். இது தெரிந்தால் பாதி அறிவிப்புப் பலகை புரிந்துவிடும். பெய்கோங்மென் என்று நிலையத்தின் பெயர் வந்தால் (கோங் என்றால் அரண்மனை), ஓ, வடக்கு அரண்மனை வாசல் என்று உங்களுக்கே தெரியும்.

2. விசாவும், நம் இனிஷியல் பிரச்சினையும்

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் கட்டாயம் விசா வேண்டும். 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அந்தப் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. அதை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அளவுப்படி எடுத்த புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைச் சான்று, போக வர விமானப் பதிவு, தங்கும் ஹோட்டல் பதிவு எல்லாம் தயார் செய்தோம். ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய பதிவாகப் போடுங்கள், விசா கைக்கு வரும்வரை பணம் மாட்டிக்கொள்ளாது. நாங்கள் ஒரு முகவர் வழியாக அனுப்பினோம். குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் ஆரம்பித்தால் நிம்மதி. சென்னையிலிருந்து பெய்ஜிங்குக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது ஒரு ஊரில் மாறித்தான் ஆக வேண்டும், அதனால் வந்து இறங்கும் நாளில் எந்தத் தோட்டத்தையும் வைக்காதீர்கள்.

இப்போது பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சீனாவில் டிக்கெட் எல்லாமே பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பதிவுப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், இனிஷியலை இஷ்டத்துக்கு விரிக்காமல் சுருக்காமல் எழுதுங்கள். எண்ணில் பூஜ்ஜியமா ஓ எழுத்தா என்று இரண்டு முறை பாருங்கள்.

எங்கள் கதை: கூகோங் டிக்கெட்டை நானே எடுக்கச் சோம்பல்பட்டு ஒரு இடைத்தரகு இணையதளத்தில் எடுத்தேன். 60 யுவான் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 180 வாங்கினார்கள். வாங்கியும் கணவரின் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டார்கள். வாசலில் இயந்திரம் சிவப்பு காட்டியது. முக்கால் மணி நேரம் உதவி மேசையில் நின்று சரி செய்தோம், அதுவும் ஒரு கல்லூரிப் பையன் பாவம் பார்த்து மொழிபெயர்த்ததால்.

3. கிளம்புவதற்கு முன் போனைத் தயார் செய்வது

இதை விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் என்ற இரண்டு சீன ஆப்களையும் நிறுவி, பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் உறுதி செய்து, உங்கள் வீசா அல்லது மாஸ்டர்கார்டை இணையுங்கள். கார்டை இணைக்கும்போது வங்கியிலிருந்து ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொத்தான் பெரும்பாலும் அணைந்தே இருக்கும், அதை இயக்க வேண்டும். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். பூங்கா டிக்கெட், மெட்ரோ, சாப்பாடு எல்லாம் அதற்குக் கீழேதான் வரும், ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பில் போட்டால் தாண்டலாம். ரொக்கமும் வாங்குவார்கள். 300 யுவான் அளவுக்குச் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்குள்ள சாதாரண இணைப்பில் ஓடாது. ஹோட்டல் வைஃபையிலும் ஓடாது. இந்திய சிம்மின் ரோமிங்கோ வெளிநாட்டு இ-சிம்மோ போட்டால் ஓடும். வீட்டுக்கு வீடியோ கால் பேச வேண்டும் என்றால் அதுதான் எளிய வழி. வழி தேட ஆமேப் என்ற சீன வரைபட ஆப் வைத்துக்கொள்ளுங்கள், ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் வரைபடமும் வேலை செய்யும். ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், நீங்கள் நுழையப்போகும் வாசலின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டாக்ஸிக்காரரிடம் நாம் யிஹெயுவான் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்கு அது வேறு எதுவாகவோதான் கேட்கும்.

4. மாதமும் கிழமையும்

அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை. மே முதல் நாளை ஒட்டி இன்னொரு விடுமுறை. சீனப் புத்தாண்டு தனி. இந்த மூன்றையும் தவிருங்கள், நாடே அப்போது பெய்ஜிங்கில்தான் இருக்கும்.

நல்ல காலம் என்றால் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. ஷியாங்ஷானில் இலை சிவப்பதும் அப்போதுதான், ஆனால் சனி ஞாயிறில் அங்கே போனால் இலையைவிடத் தலைதான் அதிகம். ஏப்ரல், மே மாதங்களும் அழகு, ஆனால் வில்லோ, பாப்லர் மரங்களின் பஞ்சு காற்றில் பனி மாதிரி பறக்கும். ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்கள் முகக்கவசம் எடுத்துப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் மழையும். தாமரை பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஜூலை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், படகு கிடையாது, டிக்கெட் விலையும் குறைவு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குறைந்த கட்டணக் காலம்.

கிழமை விஷயம்தான் முக்கியம். திங்கள்கிழமை கூகோங் முழுக்க மூடல். யிஹெயுவான், தியான்தான் இரண்டிலும் வெளிப்பூங்கா திறந்திருக்கும், உள்ளே தனி டிக்கெட் கேட்கும் கட்டடங்கள் மூடியிருக்கும். பொது விடுமுறை திங்கள்கிழமையில் வந்தால் விதிவிலக்கு. அதனால் திங்கள்கிழமையை ஜிங்ஷானுக்கோ கடைவீதிக்கோ ஒதுக்குங்கள்.

5. டிக்கெட்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

நம் ஊர் மாதிரி வாசலில் ஒரு டிக்கெட் வாங்கினால் எல்லாம் பார்க்கலாம் என்பதில்லை. வாசல் டிக்கெட் பூங்காவுக்குள் விடும். கோபுரம், மண்டபம், அருங்காட்சியகத்துக்குத் தனி. எல்லாம் சேர்ந்தது கூட்டு டிக்கெட்.

யிஹெயுவான் கணக்கைச் சொல்கிறேன், மற்றதும் இதே தினுசுதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாசல் 30 யுவான். புத்தர் கோபுரம் 10, சூச்சோ தெரு (நீர்க்கரையோரக் கடைத்தெரு) 10, நாடக மேடை இருக்கும் தெஹெ தோட்டம் 5, அருங்காட்சியகம் 20. கூட்டு டிக்கெட் 60. எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் 75, அதனால் கூட்டு லாபம் போலத் தெரியும். ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போகப்போவதில்லை என்றால் மீதி எல்லாம் சேர்த்து 55தான். வயதானவர்களோடு போனால் மூன்றுக்கு மேல் ஏறி இறங்க முடியாது. என் யோசனை: வாசல் டிக்கெட்டோடு கோபுரம் மட்டும், ஆளுக்கு 40. உள்ளே கோபுரத்தின் அடியிலேயே தனி டிக்கெட் கவுண்டர் இருக்கிறது, ஆசை வந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

தியான்தானில் இது தலைகீழ். வாசல் 15, கூட்டு 34, அங்கே கூட்டு டிக்கெட்டே வாங்குங்கள். அந்த நீல வட்டக் கூரை மண்டபமும் வட்ட மேடையும் உள் டிக்கெட்டில்தான் வரும். அதைப் பார்க்காமல் வந்தால் போனதே வீண். பெய்ஹாய் 10, கூட்டு 20. யுவான்மிங்யுவான் 10, இடிபாடுகளுக்கு இன்னும் 15. ஜிங்ஷான் வெறும் 2 யுவான், மலர்க் கண்காட்சி நடக்கும்போது 10.

இந்தப் பூங்காக்களுக்குச் சாதாரண நாளில் முன்பதிவு இல்லாமலே போகலாம். கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் டிக்கெட் தருவார்கள். பாஸ்போர்ட்டையே ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், உள் கட்டடங்களிலும் மறுபடி கேட்பார்கள். ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு போகாதீர்கள். குழந்தைகளுக்கும் மூத்தவர்களுக்கும் சலுகை உண்டா என்பதையும் பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே கேட்டுவிடலாம்.

கூகோங் மட்டும் வேறு கதை. ஏழு நாள் முன்பாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குப் பதிவு திறக்கும். நமக்கு அது மாலை 5.30. விடுமுறைக் காலத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், வாசலில் போய் வாங்க முடியாது. பயணத் தேதி முடிவானதும் இந்த 5.30-க்கு அலாரம் வையுங்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே எடுங்கள், 60 யுவான்தான். தியானன்மென் சதுக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் அதற்கும் தனி முன்பதிவு, இலவசம்.

6. எந்த வாசல்

யிஹெயுவானுக்குப் பெரும்பாலானோர் பெய்கோங்மென் நிலையத்தில் இறங்கி வடக்கு வாசலில் நுழைகிறார்கள், பக்கம் என்பதால். நாங்களும் அதைத்தான் செய்தோம். நுழைந்ததும் சூச்சோ தெருப் பாலம், அடுத்தது நேராக மலை. முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அது வாசல் இல்லை, தண்டனை.

அதற்கு முந்தைய நிலையம் ஷியுவான். அங்கே இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கிழக்கு அரண்மனை வாசல். உள்ளே தரை சமதளம். தெஹெ தோட்டத்தைத் தாண்டினால் ஏரி கண்ணில் படும், அங்கிருந்து நீண்ட தாழ்வாரம் தொடங்கும். 728 மீட்டர், முழுக்க நிழல், இரண்டு பக்கமும் உட்காரத் திண்டு, தலைக்கு மேலே ஒவ்வொரு விட்டத்திலும் ஒரு ஓவியம். அம்மா அதில் பாதியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தாழ்வாரத்தின் நடுவில்தான் கோபுரத்துக்கு ஏறும் வழி. செங்குத்தான படி, ஏற முடிந்தவர்கள் ஏறிவிட்டு வரலாம், மற்றவர்கள் கீழே காத்திருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பிறகு தாழ்வாரத்தின் மறுமுனையில் பளிங்குப் படகு, அங்கிருந்து ஏரியைக் கடக்க நிஜப் படகு, போய் இறங்கும் தீவிலிருந்து பதினேழு வளைவுப் பாலம். அதைக் கடந்து ஏரிக்கரையோடு வடக்கே நடந்தால் புது அரண்மனை வாசல் வழியாக வெளியே வரலாம். ஒரு முறைகூடத் திரும்பி நடக்க வேண்டாம். நான்கு மணி நேரம் வையுங்கள், ஐந்து என்றால் நல்லது.

கூகோங்கில் நுழைவது தெற்கில் மட்டும். வடக்கு வாசல் வெளியேற மட்டும். வடக்கில் கொண்டுபோய் இறக்கிவிடும் டாக்ஸிகள் உண்டு, சுற்றி வர அரை மணி நேரம் ஆகும். வடக்கில் வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்பக்கமே ஜிங்ஷான். குன்று 45 மீட்டர்தான். மேலே நின்று பார்த்தால் நீங்கள் காலை முழுக்க நடந்த அரண்மனையின் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். அதனால் கூகோங் முதலில், ஜிங்ஷான் பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். தெம்பு இருந்தால் மேற்குப் பக்கம் பத்து நிமிட நடையில் பெய்ஹாய்.

யுவான்மிங்யுவானில் மெட்ரோ நிற்பது தெற்கு வாசலில், இடிபாடுகள் இருப்பதோ வடகிழக்குக் கோடியில். உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது, ஏறிக்கொள்ளுங்கள்.

7. தியான்தானுக்கு விடியற்காலையில் போங்கள்

வாசல் காலை 6 மணிக்கே திறந்துவிடும், உள் மண்டபங்கள் 8 மணிக்குத்தான். சுற்றுலாக் குழுக்கள் எட்டரைக்கு மேல் வந்து இறங்கும். நீங்கள் ஆறரைக்குக் கிழக்கு வாசலில் (ஐந்தாவது வழித்தடம், தியான்தான் தோங்மென் நிலையம்) நுழைந்துவிடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் பூங்கா ஊர்க்காரர்களுடையது. தாழ்வாரத்தில் சீட்டாட்டம், சைப்ரஸ் மரத்தடியில் தாய்ச்சி, காலால் இறகுப் பந்தைத் தட்டும் பாட்டிகள்.

ஒரு தாத்தா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, துடைப்பம் அளவு தூரிகையால் கல்தரையில் எழுதிக்கொண்டிருந்தார். ஆறாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து காய்ந்து பாதி போயிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம் போடற மாதிரிதான்" என்றார்.

எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போய்விட்டால் படம் எடுக்கக் கூட்டம் இருக்காது. உள்ளே நுழைய விடமாட்டார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதுதான்.

8. சாப்பாடு, கழிப்பறை, ஏமாற்று

சைவம் என்றால் பூங்காவுக்குள் கிடைப்பது அவித்த சோளம், பிஸ்கட், பழம். நூடுல்ஸில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இறைச்சிச் சாறு இருக்கும், கத்திரிக்காயிலும் டோஃபுவிலும் கொத்துக்கறி தூவியிருப்பார்கள். "நான் இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்று சீனத்தில் எழுதிப் போனில் வையுங்கள், அதோடு சாறும் முட்டையும் வேண்டாமென்றால் அதையும் சேர்த்து. நாங்கள் புளியோதரைப் பொடியும் உடனடி அவலும் கொண்டு போனோம். ஹோட்டல் அறையிலேயே கெட்டில் இருக்கும், வெந்நீருக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கழிப்பறைகள் இலவசம், சுத்தமாகவே இருந்தன, ஆனால் பெரும்பாலும் குந்தும் வகை. தாள் உங்களுடையது. தியான்தானில் 2017-இல் முகத்தை ஸ்கேன் செய்து ஆளுக்கு 60 சென்டிமீட்டர் தாள் கொடுக்கும் இயந்திரம் வைத்தார்கள் என்றால் தாள் எவ்வளவு காணாமல் போயிருக்கும் என்று யோசியுங்கள்.

கூகோங், தியானன்மென் சுற்றுவட்டாரத்தில் நல்ல ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்து தேநீர் குடிக்கலாமா, ஓவியக் கண்காட்சி பார்க்கலாமா என்று அழைப்பவர்களோடு போகாதீர்கள், பில் ஆயிரக்கணக்கில் வரும். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும் முன் தொகையைப் போனில் தட்டச்சு செய்து காட்டி, ஆளுக்கா மொத்தத்துக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். முப்பது என்று ஏறியது இறங்கும்போது முந்நூறு ஆகும்.

9. மொத்தம் எவ்வளவு

அதிகக் கட்டணக் காலத்தில் ஒருவருக்கு: கூகோங் 60, ஜிங்ஷான் 2, பெய்ஹாய் 10, தியான்தான் 34, யிஹெயுவான் 40, யுவான்மிங்யுவான் 25. கூட்டினால் 171 யுவான். ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2,200 ரூபாய். மெட்ரோ ஒரு பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 6 யுவான் வரை ஆனது. தலைநகர் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் விரைவு ரயில் 25. ஆக டிக்கெட்டும் போக்குவரத்தும் பெரிய செலவே இல்லை. விமானமும் ஹோட்டலும்தான் பணத்தைத் தின்னும்.

நாள் கணக்கு நான்கு. ஒரு நாள் கூகோங், ஜிங்ஷான், பெய்ஹாய். ஒரு நாள் காலை தியான்தான், மதியம் ஓய்வு. ஒரு நாள் முழுக்க யிஹெயுவான். இன்னொரு நாள் யுவான்மிங்யுவான், இலைக் காலமென்றால் அதற்குப் பதில் ஷியாங்ஷான். யிஹெயுவானையும் யுவான்மிங்யுவானையும் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஒரே நாளில் அடக்கப் பார்த்தால், இரண்டாவதற்குள் நுழையும்போது கால் இருக்காது. எங்களுக்கு இருக்கவில்லை, இடிபாடுகளைப் பார்க்காமலே பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்து தெற்கு வாசலில் இறங்கிவிட்டோம்.